ஃபின்னிஷில் ‘வேண்டாம்’: ஆறு வாரக் கணக்கு

ஃபின்னிஷில் இந்த முறை எடுத்துக்கொண்டது சின்ன வேலைதான். யாராவது எதையாவது நீட்டினால், அவர் மனம் கோணாமல் வேண்டாம் என்று சொல்லப் பழகுவது. குடியிருப்பது ஃபின்லாந்தின் தம்பெரே நகரத்தில். காபி குடிப்பதில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கிற நாடு என்பதால் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை.

முதல் வாரமே சறுக்கல். அலுவலகத்தில் ஒருவர் காபி ஜக்கைத் தூக்கிக்கொண்டு “ஒத்தத்கொ கஹ்விய?” என்றார். காபி எடுத்துக்கிறியா என்று அர்த்தம். நான் நெஞ்சில் கை வைத்து, சிரித்தபடி “கீத்தோஸ்” என்றேன். நன்றி, போதும் என்று நினைப்பு. கோப்பை விளிம்புவரை நிறைந்துவிட்டது! இங்கே நீட்டியவரிடம் வெறும் நன்றி சொன்னால் ‘ஊத்துங்க’ என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். மறுக்க ‘எய் கீத்தோஸ்’ என்று முழுசாகச் சொல்லவேண்டும். அன்றைக்கு அது நாலாவது கப்.

(கீத்தோஸ் என்று எழுதுவதும் முழுச் சரியில்லை. கீதோஸ் என்றால் ‘பாதை’யில் வருகிற த போல மெலிந்துவிடுகிறது, கீத்தோஸ் என்றால் இரட்டித்துவிடுகிறது. உண்மையான ஒலி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. என் நாக்கு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.)

அடுத்த இரண்டு வாரமும் அந்த ‘எய்’யோடுதான் போயிற்று. பார்க்க ‘இல்லை’ மாதிரி இருந்தாலும் அது ஒரு வினைச்சொல், ஆளுக்கு ஆள் மாறும். நான் என்றால் என், நீ என்றால் எத், அவர் என்றால் எய். கூட வருகிற வினை மொட்டையாக நின்றுவிடும்: என் ஒத்த, எத் ஒத்த, எய் ஒத்த. வகுப்பில் மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எடுக்க மாட்டேன், எடுக்க மாட்டாய், எடுக்க மாட்டார் என்று வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்? கேள்விக்கு வினையின் வாலில் ‘கொ’ ஒட்டுவதும் நம்முடைய ‘ஆ’ போலத்தான். பதிலும் அதே வினையில் வருகிறது. ஒத்தத்கொ? ஒத்தன். எடுத்துக்கிறியா? எடுத்துக்கிறேன். மளிகைக் கடையில் ரசீது வேணுமா என்று கேட்கிறபோதெல்லாம் “என், கீத்தோஸ்” சொல்லிச் சொல்லியே வாய் பழகிவிட்டது.

நாலாம் வாரம் தெம்பு வந்து, காரணங்களை மனப்பாடம் செய்தேன். இப்பதான் குடிச்சேன் என்பதற்கு “யொயின் யூரி”. ஆசையா எடுத்துப்பேன், ஆனா... என்று இழுக்க “ஒத்தைசின் மியெலெல்லானி, முத்த...”. காரணம் சொல்லாமல் மறுத்தால் நமக்கு ஏதோ முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறதே. ஆனால் இங்கே யாரும் காரணத்துக்குக் காத்திருக்கவில்லை. எய் கீத்தோஸ் என்றால் பேச்சு முடிந்தது.

அங்கேதான் அடி வாங்கினேன். ஒரு மதியம் புல்ல வந்தது. ஏலக்காய் போட்ட பன், மேலே கரடுமுரடான சர்க்கரை, அடுப்பிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம்கூட இருக்காது. ஊர்ப் பழக்கத்தில் முதல் தடவை மரியாதைக்கு “எய் கீத்தோஸ்” என்றேன். இரண்டாம் தடவை கேட்பார்கள், அப்போது எடுக்கலாம் என்று கணக்கு. தட்டு அப்படியே பக்கத்து ஆளிடம் போய்விட்டது. திரும்பி வரும்போது சர்க்கரைதான் மிச்சம். எனக்குச் சாயங்காலம்வரை ஏலக்காய் வாசனை.

ஒரு ‘எய்’யே போதும் என்று குறித்துவைத்தேன். ஆறாம் வாரம் மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், காபிக்குக் கூப்பிட்டார். உண்மையாகவே நேரமில்லை. தெளிவாக “எய் கீத்தோஸ்” சொன்னேன். பாட்டி கதவை இன்னும் அகலமாகத் திறந்து “ஆலா குர்சைலெ!” என்றார். சும்மா பிகு பண்ணாதே என்று சொல்லலாம். விருந்தாளியை இரண்டு மூன்று தடவை வற்புறுத்தினால்தான் காபி மேஜைக்கு வருவார் என்பது இவர்களுடைய பழைய தலைமுறை வழக்கமாம். அதற்கென்றே ‘குர்சைல்ல’ என்று ஒரு வினையும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா இந்தச் சொல்லைக் கேட்டால் சொந்தமாக்கிக்கொள்வார்.

உள்ளே போய்க் குடித்தேன். இரண்டாவது கப்புக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் சன்த்ஸிகுப்பி. அந்தக் குப்பியை நீட்டியபோது கோப்பைமேல் உள்ளங்கையை வைத்து “ரீத்தா, கீத்தோஸ்” என்றேன், போதும் என்று. பாட்டி ஜக்கைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்தது ஃபோனில் விற்க வருகிறவர்கள். எனக்கு ஆர்வமில்லை என்பதற்கு “என் ஒலெ கீன்னொஸ்துனுத்”. அவர் மூச்சு விடுகிற இடைவெளியில் சொல்லி முடிக்கவேண்டும். இப்போதைக்குக் ‘கீன்னொஸ்’ வரைக்கும் வருகிறது.