கூதிர் முடிந்து முன்பனி தொடங்கும்போது ஒரு சென்னை வீடு

பழந்தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. சென்னையில் ஒன்று விலகி மற்றொன்று வருவதை மரங்களைவிட வீட்டுச் சுவர்கள்தாம் தெளிவாகக் காட்டுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரத்தில், அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடுகிறது. கார்த்திகை முடியும் வேளையில் சுவர்களில் ஓதம் ஏறியிருக்கும். அலமாரியைத் திறந்தால் பூஞ்சை நாற்றம் வரும். ஆகவே இப்பருவத்தின் அலங்காரம் உலர்த்துவதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாற்காலிகளையும் அலமாரிகளையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, பாயையும் மெத்தையையும் மொட்டைமாடி வெயிலில் காயவைத்த பிறகே புதுத் திரைச்சீலையைப் பற்றி யோசிக்கிறேன். ஓதம் காயாத சுவரின் மேல் எந்தப் படத்தை மாட்டினாலும் அது அழகாவதில்லை, படமும் கெட்டுப்போகிறது.

அடுத்து நான் கவனிப்பது வெயில் வரும் திசை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. டிசம்பர் 21ஐ ஒட்டி அது தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 53 பாகை அளவே உயர்கிறது. கோடையில் எட்டிப் பார்க்காத வெயில் மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் தரையில் நீண்டு விழுவதற்கு இதுவே காரணம். அந்த ஜன்னலின் தடித்த திரையைக் கழற்றி மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிவிட்டு, பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பிச் சாமந்தியை மிதக்கவிட்டு அங்கே வைக்கிறேன். மழைக்காலத்தில் டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரிலும் முட்டையிடும் என்பதால் அத்தண்ணீரை நாள்தோறும் மாற்றுவது கட்டாயம்.

கார்த்திகை தீபத்துக்கு அகல் வாங்கக் குயவர்கள் வாழும் கொசப்பேட்டைக்குப் போவது என் வழக்கம். "புது அகலை ராத்திரி தண்ணியில போட்டு வையுங்கம்மா, அப்பதான் எண்ணெயைக் குடிக்காது" என்று அங்கே விற்கும் அம்மா சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுவதால், அத்திசை பார்த்த பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்த விளக்குகள் நிலைப்பதில்லை. நிலைவாசலின் இரு ஓரங்களிலும் மாடிப்படித் திருப்பத்திலும் தரையோடு தரையாக வைத்தால் சுடர் நின்று எரியும். சுவரில் விழும் ஒளியும் கூடுதலாகத் தெரியும்.

மார்கழி பிறந்ததும் அலங்காரம் முழுவதும் வாசலுக்கு இடம் மாறிவிடுகிறது. தனிவீட்டார் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகலாம். அடுக்குமாடியில் நடைபாதைதான் நமக்கு வாசல். பளபளப்பான டைல்ஸின் மேல் கோலமாவு வழுக்கிக் கலைந்துவிடும் என்பதற்காகப் பிளாஸ்டிக் கோலத்தை ஒட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஊறவைத்த பச்சரிசியை மைய அரைத்து, சிறு துணியில் நனைத்து இழுக்கும் இழைக்கோலம் சிமெண்டுத் தரையிலும் கருங்கல்லிலும் நன்றாகப் பிடிக்கும். டைல்ஸ் தரை உடையவர்கள் காவி பூசிய ஒரு மரப்பலகையின் மேல் இழைத்து வாசலில் வைக்கலாம். சிவப்பின் மேல் காயும் வெண்மைக்கு ஈடான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை. மார்கழித் தொடக்கத்தில் மழை மீண்டும் எட்டிப் பார்ப்பது உண்டு, அப்போது பலகையை உள்ளே எடுத்துக்கொள்ளவும் வசதியாக இருக்கும்.

உள்ளே செய்ய வேண்டியது சிறிதே. விடியலில் மொசைக் தரை காலில் சில்லிடுவதால் பவானி ஜமுக்காளத்தை விரிக்கிறேன். அதன் பட்டைக் கோடுகளே கூடத்துக்கு வேண்டிய வண்ணத்தைத் தந்துவிடும்.

பால்கனிக்கு ஊதா நிற டிசம்பர் பூச்செடி ஒன்று போதும். மணமில்லாத பூதான், ஆயினும் கார்த்திகையில் தொடங்கி விடாமல் பூக்கும். தையில் பூ ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து, வெட்டிய தண்டுகளில் நல்லதாக இரண்டை வேறு தொட்டியில் ஊன்றி வைத்தால், அடுத்த வீட்டு வாசலுக்கும் ஒரு செடி கிடைக்கும்.