பதிலுக்கு ஒரு ஆள்

காலை 5.45-க்குப் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்: யாரோ இன்றைக்கு டூட்டிக்கு வரவில்லை. வீட்டுக்கே ஆள் அனுப்பி முதியோரைப் பார்த்துக்கொள்ளும் சிறிய நிறுவனம் ஒன்றில் டூட்டி போடுவது என் வேலை. யார் எந்த வீட்டுக்கு, பகலா இரவா, ஒருவர் லீவு போட்டால் பதிலுக்கு யார். சேர்ந்த புதிதில் இதைக் கட்டம் நிரப்பும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு பெரியவர் வீட்டுக்கு வழக்கமாகப் போகும் அக்காவுக்குக் காய்ச்சல். பதிலுக்கு, அவரைவிட அனுபவம் கூடிய, முறையாகப் பயிற்சி எடுத்த ஒருவரை அனுப்பினேன். 10 மணிக்குப் பெரியவரின் மகள் கூப்பிட்டார். "அப்பா கையை ஓங்குறார். கிட்டயே விடமாட்டேங்கிறார்."

வேறு வழியில்லாமல், காய்ச்சலில் படுத்திருந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இடது காது அவருக்குச் சுத்தமா கேட்காது தம்பி. அந்தப் பக்கம் போய்த் தொட்டா பதறிடுவார். வலது பக்கம் நின்னு, எழுந்திருக்கலாமான்னு கேட்கணும். பதில் சொல்ல நேரமெடுப்பார். காத்திருக்கணும், அவ்வளவுதான்."

இதை ஏன் நோட்டில் எழுதவில்லை என்றேன். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார்.

நோட்டு என்பது ஒவ்வொரு வீட்டிலும் நாங்கள் வைக்கும் பதிவேடு. ரத்த அழுத்தம், மாத்திரை, சிறுநீர் போனது, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது, எல்லாம் அதில் இருக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். ஒரே இடத்தில் அழுத்தம் நின்றால் ரத்த ஓட்டம் குறைந்து, இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். 2 மணி இடது, 4 மணி வலது, 6 மணி இடது என்று ஒரே பேனாவில் அச்சடித்த மாதிரி இருக்கும் பக்கத்தை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை. விடிந்தபின் மொத்தமாக உட்கார்ந்து எழுதியதாக இருக்கும். "4.20 வலது. நல்லா தூங்கினாங்க, எழுப்ப மனசு வரல" என்று ஒரு பக்கத்தில் பார்த்தேன். 20 நிமிடம் பிந்தியதுதான், ஆனால் அந்த எழுத்தை நம்பலாம்.

இவர்களையெல்லாம் தெய்வம் என்று எழுத எனக்கு வராது. டூட்டியில் தூங்கியவர்கள் உண்டு, சொல்லாமல் பாதியில் கிளம்பியவர்களும் உண்டு. ஆனால் இரவு டூட்டிப் பெண் ஒருவர், "பாட்டி நேத்திலிருந்து என்னை யாருன்னு கேட்கிறாங்க, இது சரியில்லை" என்று கூப்பிட்டதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் எல்லோரும் வயசாகிவிட்டது, மறதி என்றார்கள். இவர் விடவில்லை. "மறதி இப்படி ஒரே ராத்திரியில வராதுங்க." பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சல்கூட இல்லாமல் திடீர்க் குழப்பமாகத்தான் அது தலைகாட்டும். மருந்து கொடுத்த சில நாட்களில் பாட்டி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தக் காது கேட்காத பெரியவர் போய்ச் சேர்ந்தது ஒரு விடியற்காலையில். என் அட்டவணையில் ஒரு கட்டம் காலியானது, அவ்வளவுதான். அன்றைக்கு மாலையே வேறு வீட்டிலிருந்து ஆள் கேட்டார்கள். தயங்கித் தயங்கி அக்காவைக் கூப்பிட்டேன். ரெண்டு நாள் கழித்துப் போகிறேன் என்றார். அந்த 2 நாளுக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் சட்டத்தில் துக்கம் குடும்பத்தாருக்கு மட்டும்தான். அதைப் பற்றி முதலாளியிடம் ஒருமுறை பேசினேன், பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை 5.45-க்குப் போன். அக்காதான். வரமாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தே எடுத்தேன்.

"கிளம்பிட்டேன் தம்பி. அந்தம்மாவுக்கு எந்தக் காது கேட்கும்னு கேட்டு வச்சீங்களா?"