காகிதத்தில் குத்திப் பார்த்த கனெக்டர்

கடலூர் முதுநகரில் வீட்டு மாடி அறையில் அமர்ந்து, கிணற்று மோட்டாருக்கான கட்டுப்பாட்டு மின்சுற்றுப் பலகைகளை வடிவமைத்து வருகிறேன். அண்மையில் ஒரு பலகைக்கு எட்டுக் கால்கள் கொண்ட கனெக்டர், அதாவது கம்பிகளைச் செருகும் இணைப்பான், தேவைப்பட்டது; ஜே.எஸ்.டி. நிறுவனத்தின் எக்ஸ்.எச். வகை. பலகைகளை வரைய உதவும் கிகாட் மென்பொருளின் நூலகத்தில் அதற்கான ஃபுட்பிரிண்ட், அதாவது பலகையில் அது அமரும் இடத்தின் வரைபடம், ஆயத்தமாகவே இருக்கிறது. நானோ அதைத் தேடாமல், பழகிய 2.54 மி.மீ. இடைவெளியில் எட்டு பேடுகளை (கால்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகளை) வைத்து வரைந்து, பலகையையும் செய்வித்துவிட்டேன்.

எக்ஸ்.எச். வகையில் அடுத்தடுத்த கால்களின் மையங்களுக்கு இடையே உள்ள இடைவெளி 2.5 மி.மீ. ஒரு காலுக்கு 0.04 மி.மீ. என்பது கண்ணுக்கே தெரியாத வேறுபாடுதான். ஆனால் முதற்காலிலிருந்து எட்டாம் காலுக்குள் ஏழு இடைவெளிகள் கூடி அது 0.28 மி.மீ. ஆகிவிடுகிறது. காலோ 0.64 மி.மீ. சதுரக் கம்பி; மூலைக்கு மூலை அளந்தால் ஏறத்தாழ 0.9 மி.மீ. வருவதால், நான் வைத்திருந்த 0.95 மி.மீ. துளையில் அந்தப் பிசகைத் தாங்க இடமே இல்லை. கால்களை வளைத்து அழுத்திப் பற்றவைக்கலாம்தான். இழுவிசையிலேயே நிற்கும் பற்றாசு நாளடைவில் விரிசல் விடும், எங்கள் ஊர் உப்புக்காற்றும் அந்த விரிசலைச் சும்மா விடாது என்பதால், அந்தப் பலகைகளை ஒதுக்கிவைத்தேன்.

இதைவிடக் கொடிய பிழை ஒன்றுண்டு. கனெக்டரைச் செய்யும் நிறுவனம் தரும் தரவுத்தாளில் உள்ள படம் பலகையின் மேலிருந்து பார்த்ததா, கால்கள் தெரியுமாறு அடியிலிருந்து பார்த்ததா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஃபுட்பிரிண்ட் எடிட்டரில் நாம் காண்பது மேலிருந்து பார்க்கும் தோற்றம். அடித்தோற்றத்தை அப்படியே வரைந்தால், இரட்டை வரிசைக் கனெக்டரில் கால் எண்கள் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும். பிறகு பலகையின் மேற்பக்கத்தில் எப்படித் திருப்பி வைத்தாலும் அந்த எண்கள் பொருந்தா.

வேறு உறுப்புகள் நெருங்காதிருக்கக் கனெக்டரைச் சுற்றி வரையும் கோர்ட்யார்டு எல்லைக்குக் கிகாட் நூலக விதி 0.5 மி.மீ. இடம் கேட்கிறது. ப்ளக்கைப் பிடித்து இழுக்கும் விரலுக்கு அதுவும் போதாது என்பது என் கருத்து.

இப்போதெல்லாம் பலகையை அனுப்புமுன், வரைபடத்தை நூறு விழுக்காடு அளவில் அச்சிட்டு, தெர்மோகோல் மேல் விரித்து, உண்மையான கனெக்டரையே அதில் குத்திப் பார்க்கிறேன். பக்கத்துக்கேற்பச் சுருக்கும் அமைப்பு அச்சுப்பொறியில் இருந்தால் இந்தச் சோதனையே பொய்த்துவிடும் என்பதால், அதே தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் வரைந்து, முதலில் அதை அளவுகோலால் அளந்துகொள்கிறேன்.