உயிர் முன்னே, மெய் பின்னே: என் ஸ்க்ராபிள் அட்டைகள் இதுவரை

ஆங்கில எழுத்துக் கட்டைகள் ஏழைத் தாங்கியில் அடுக்கி, பலகையில் சொல்லாக இறக்கும் ஆட்டம்தான் ஸ்க்ராபிள். ஒரே எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வரும் சொற்களை ஒரு கூட்டமாக்கி, கூட்டத்துக்கு ஓர் அட்டை என்று எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு வழியாக ஏ ஈ ஐ என் ஆர் எஸ் டீ கூட்டத்தை மடக்கிவிட்டேன். (இங்கே டீ என்றால் குடிக்கிற டீ. டி வேறு எழுத்து.) ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர் வரை எல்லோருக்கும் வரும். அதற்கு மேல் ஸ்டியரின், ஆன்ட்சியர் என்று போனால்தான் மண்டை காயும். போன ஞாயிறு ரெட்சினா என்று ஏழு கட்டையையும் ஒரேயடியாக இறக்கி 50 போனஸ் வாங்கினேன். எதிரே உட்கார்ந்திருந்த நாகூர் நண்பர் அகராதியைக் கேட்டார். கேட்கட்டும். ரெட்சினா பைன் பிசின் வாசனை அடிக்கும் கிரேக்க ஒயின், அகராதியில் இருக்கிறது.

இப்படிச் சொற்கள் மனதில் தங்கத் தொடங்கியது எப்படி என்றால், அட்டையின் முன்பக்கத்தை மாற்றியதால். எழுத்துகளை ஏ முதல் இசட் வரை வரிசைப்படுத்தி முன்பக்கம், விடைகள் பின்பக்கம் என்பதுதான் ஊர் வழக்கம். எனக்கு அது ஒட்டவே இல்லை. கிச்சன், திக்கன் இரண்டும் ஒரே ஏழு எழுத்து. வழக்கமான வரிசையில் சி ஈ எச் ஐ கே என் டீ என்று வரும். இதில் உயிர் எத்தனை என்று கண் தேட வேண்டியிருக்கிறது. நாம் அ, ஆவில் தொடங்கி அப்புறம் க், ங் படித்தவர்கள். அதனால் உயிரை முதலில் நிறுத்தினேன்: ஈ ஐ, பிறகு சி எச் கே என் டீ. இரண்டு உயிர், ஐந்து மெய் என்று பார்த்த உடனே தெரிகிறது. ஆட்டத்தில் கட்டைகளைத் தாங்கியில் அடுக்குவதும் இப்போது இதே வரிசையில்தான்.

தகராறு செய்தது ஒய். நிம்ஃப், ரிதம், ட்ரிஸ்ட் எல்லாவற்றிலும் அது உயிர் வேலை பார்க்கிறது. யெஸ் என்றால் மெய். உயிரோடு சேர்த்தால் எண்ணிக்கை தப்பும், மெய்யோடு சேர்த்தால் கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். கடைசியில் ஆய்தம் போலத் தனிநிலை கொடுத்து, உயிருக்கும் மெய்க்கும் நடுவில் நிறுத்திவிட்டேன். இதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று: ஏ, ஈ, ஐ, ஓ, யு எதுவும் இல்லாமல் ஒய்யை மட்டும் நம்பி நிற்கும் சொற்களெல்லாம் அட்டைக் கட்டில் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. அவற்றுக்குப் பின்னால் வெல்ஷ் மொழியிலிருந்து வந்த இரண்டு சண்டியர்கள், சி டபிள்யு எம், அப்புறம் சி ஆர் டபிள்யு டீ எச். அவற்றில் டபிள்யுதான் உயிர். அதற்கும் தனிநிலை கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை.

கிடைக்கும் பட்டியலெல்லாம் பழைய வரிசையில்தான் இருக்கின்றன என்பதால் போனிலேயே நிரல் ஓட்ட உதவும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, வரிசையை மாற்றப் பைத்தான் என்ற நிரல் மொழியில் சில வரிகள் எழுதினேன். ஒன்று கவனியுங்கள்: பைத்தானின் 'செட்' இரட்டை எழுத்தை விழுங்கிவிடும். லெட்டர்ஸ், செட்லர், ட்ரெஸ்டில் மூன்றும் ஒரே கூட்டம், சரி. ஆனால் செட் போட்டால் எட்டெழுத்து ரீசெட்டிலும் அதே கூட்டத்தில் வந்து உட்காரும். வரிசைப்படுத்தும் 'சார்ட்டட்' போதும், அது எந்த எழுத்தையும் தொலைக்காது. சொற்பட்டியலுக்கு எனேபிள். 1,72,000 சொற்களுக்கு மேல், பொதுவுடைமை, காசு கிடையாது. பழைய பட்டியல் என்பதால் க்யூ ஐ, இசட் ஏ என்ற ஈரெழுத்துச் சொற்கள் இரண்டையும் கையால் சேர்க்க வேண்டும்.

யு இல்லாத க்யூ சொற்களுக்குத் தனிக் கட்டு. சொல்லுக்குப் பொருள் எதற்கு என்பவர்கள் உடனே நைஜல் ரிச்சர்ட்ஸைக் காட்டுவார்கள். பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் பட்டத்தை அடித்த நியூசிலாந்துக்காரர். அவர் கதை வேறு. எனக்குப் பொருள் தெரிந்தால்தான் சொல் தங்குகிறது. க்யூவில் தொடங்கும் கனாத், ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்கம் வெட்டி வயலுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறந்தார்களா என்று கேட்டே வளர்ந்த திருவாரூர்க்காரனுக்கு இது மறக்குமா? நாகூர் நண்பருக்கோ இந்தக் கட்டே தேவையில்லை. "கிப்லா, நிக்காப், தலாக்கெல்லாம் எங்க வீட்டுப் பேச்சு தம்பி, இதுக்கு அட்டை வேறயா?" என்கிறார். அவரோடு ஆடும்போது க்யூ எனக்கே வந்துவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

அட்டை எங்கே வாங்குகிறேன் என்று கேட்பவர்களுக்கு: வாங்குவதில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் துண்டுகள்தான். தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் அச்சு ஓடும்போது போனால் ஒரு பை நிறையத் தருவார்கள். பளபளப்பான ஆர்ட் கார்டை மட்டும் தொடாதீர்கள், பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் பேனா காயவே காயாது. சொரசொரப்பான அட்டை நல்லது, ஆனால் ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து வளைகிறது. பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன், இந்த வருட மழைக்குத் தாங்கியது.

எட்டெழுத்துக் கூட்டங்களை இன்னும் தொடவில்லை. ஏழெழுத்திலேயே எல் கட்டும் எம் கட்டும் அப்படியே கிடக்கின்றன. அதற்குள் தாங்கி செய்யும் ஆசை வந்துவிட்டது. தஞ்சாவூர் வீணைப் பட்டறைகளில் குடைந்தது போகப் பலாத்துண்டுகள் மிஞ்சுமே, நாலு துண்டு கேட்டுப் பார்க்கப் போகிறேன். கட்டை சரியாமலும் எதிராளி கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கச் சாய்வு எவ்வளவு வேண்டும் என்று செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் தாங்கி எனக்குச் சரிப்படவில்லை, ஏழாவது கட்டை விளிம்பில் தொங்குகிறது.