ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிவந்த துஜாச் செடிகள்

ஏற்காடு போய்த் திரும்பும் சேலத்துக்காரர்கள் வண்டியில் செடி இல்லாமல் இறங்குவது அரிது. தை மாதம் நாங்கள் வாங்கிவந்தது துஜா, ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் ஓர் அழகுச் செடி. கோரிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டின் சுற்றுச்சுவர் ஓரமாக, வேலிபோல் வளரட்டும் என்று ஒரு வரிசை முழுக்க வைத்தோம். மாசி முடிவதற்குள் வரிசையில் பாதிச் செடிகள் பழுப்பேறத் தொடங்கின.

எதிர்வீட்டு அம்மா, "தண்ணீர் போதவில்லை, காலையும் மாலையும் ஊற்றுங்கள்" என்றார். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "ஒரு பிடி யூரியா வை, தானாகப் பச்சை திரும்பும்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் அக்கறையில் சொன்னதுதான். ஆனால் செடிக்குச் செடி பழுப்பு வேறு வேறு இடத்தில் இருந்தது. ஒன்றில் நுனி, ஒன்றில் ஒரு பக்கம், ஒன்றில் முழுச் செடி. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்? பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் தண்ணீரிலோ உரத்திலோ கை வைக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வேர் தடுமாறும் நேரத்தில் உரம் வைத்தால், உரத்தின் உப்பே வேரைக் கருக்கிவிடும். யூரியா மூட்டை வந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

முதலில் மனத்தைத் தேற்றியது ஒரு சேதி. தண்டை ஒட்டி உள்ளே இருக்கும் பழைய இலைகள் மட்டும் பழுத்து, வெளிப்புறமும் நுனியும் பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். பசுமை மாறாச் செடி என்றாலும் அதுவும் பழைய இலையை உதிர்க்கத்தான் செய்யும். வரிசையில் சில செடிகளுக்கு இவ்வளவுதான் விஷயம். கையை உள்ளே விட்டு உதறியதும் பழுப்பு கொட்டியது, வேலை முடிந்தது.

வாசல் பக்கம் இருந்த செடிகளில் மேற்கு பார்த்த பாதி மட்டும் கருகியிருந்தது. பின்பாதி பச்சை. முன்னால் சிமெண்டுத் தளம். பங்குனி வெயிலில் மதியத்துக்குமேல் அதில் வெறுங்காலை வைக்க முடியாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரிக்குமேல் வெப்பம் கூடும் என்பது பொதுக்கணக்கு. மலையில் சில்வர் ஓக் நிழலில் வளர்ந்த செடி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் திறந்த வண்டியில் காற்று அடிக்க அடிக்கக் கடந்து, நேராக இந்த அனலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. மேற்குப் பக்கம் மூங்கில் நட்டு, பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலையைக் கட்டினேன். தளத்தின்மேல் மாலையில் தண்ணீர் தெளித்து வைத்தோம். கருகல் அதற்குமேல் பரவவில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தவை நடுவில் இருந்த செடிகள். அவற்றில் ஒரு பக்கம், நுனி என்ற பேச்சே இல்லை. முழுச் செடியும் பளபளப்பு இழந்து, மங்கிய சாம்பல் பச்சையாகி, பிறகு பழுப்பானது. தினமும் குழாய் வைத்துத் தண்ணீர் விட்ட இடம் அது. மேல்மண்ணில் விரல் வைத்தால் ஈரம். பக்கத்துத் தெருவில் தோட்டவேலை செய்யும் பெரியவரை அழைத்துக் காட்டினேன். செடியைத் தொடக்கூட இல்லை அவர். "சுற்றி ஈரம் இருப்பது சரி அம்மா, தாய்மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்றார். நர்சரிப் பையிலேயே செடியோடு வந்த மண்ணைத்தான் தாய்மண் என்றார்.

களைக்கொத்தால் தண்டுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணை விலக்கினோம். நாங்கள் நிரப்பிய மண் சேறாக இருந்தது. அதற்குள்ளே, நர்சரிப் பையின் வடிவம் மாறாமல், செம்மண் கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. கொத்தின் முனையால் கீறினால் தூள் பறந்தது. பையின் சுவரை ஒட்டி வட்டமடித்த வேர்கள் கட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வெளிமண்ணுக்கு வரவில்லை. களிமண் கலந்த கட்டி ஒருமுறை முழுக்கக் காய்ந்து இறுகிவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. ஊற்றுவதெல்லாம் அதன் பக்கவாட்டில் வழிந்து இறங்கிவிடும். ஈரத்துக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும்.

மெல்லிய கம்பியால் அந்தக் கட்டியில் சில துளைகள் போட்டார் பெரியவர். சுற்றியிருந்த வேர்களை இரண்டு மூன்று இடங்களில் மேலாக அறுத்துவிட்டார். அடியில் ஊசித்துளை போட்ட பழைய குடத்தைத் தண்டின் அருகே வைத்துத் தண்ணீர் நிரப்பச் சொன்னார். குடம் சொட்டுச் சொட்டாகக் காலியாக வெகுநேரம் பிடித்தது. அந்த மெதுவான தண்ணீர்தான் கட்டிக்குள் இறங்கியது. நடாமல் தொட்டியில் வைத்திருந்த ஒரு செடியை, பையோடு தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் குமிழி நிற்கும்வரை வைத்திருந்தோம். குமிழி வந்துகொண்டே இருந்ததைப் பார்த்தபோதுதான் உள்ளே எவ்வளவு காய்ந்திருந்தது என்பது உறைத்தது. பிறகு காய்ந்த இலைச்சருகால் மூடாக்குப் போட்டேன், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி.

செடி உயிரோடு இருக்கிறதா என்று அறிய நகம் போதும். பட்டையை லேசாகச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிய வேண்டும். கிளை வளைந்து கொடுக்க வேண்டும். மோட்டார்த் தொட்டி ஓரம், பள்ளத்தில் இருந்த ஒன்று இதில் தேறவில்லை. அதைப் பிடுங்கினால் வேர் கறுத்துக் குழகுழவென்று நாறியது. அங்கே தேங்கிய தண்ணீரே எமன். எதிர்வீட்டு அம்மாவை அழைத்து, தாகத்தில் வாடிய நடுச்செடி ஒன்று, தண்ணீர் தேங்கி அழுகிய இது என இரண்டு செடிகளின் வேரையும் காட்டினேன். வெளியே இரண்டும் ஒரே பழுப்பு.

சமையலறைப் பக்கம் நுனிகள் மட்டும் கருகிய செடிகளுக்குக் காரணம் உப்பு. எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர் கடினமானது. வாளியில் வெள்ளைப் படிவம் படியும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் தண்ணீரில் அந்த உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். வீணாகிறதே என்று அதைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுவது இப்போது பல வீடுகளில் வழக்கம். வீட்டைக் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற அது சரி. தொட்டிச் செடிக்கும் இளஞ்செடிக்கும் வேண்டாம். குழாயை மாற்றிவிட்டு, காவிரிக் குடிநீர் வரும் நாளில் பிடித்த தண்ணீரை அந்தச் செடிகளுக்கு நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்கினேன். சித்திரைக் கடைசியில் பெய்த கோடை மழை மீதியைக் கழுவியது.

நிழல்வலைக்குள் இருந்த ஒரு செடியில் மட்டும் இலை பொடிப்பொடியாக வெளுத்து, செம்பு நிறமானது. விசிறிபோல் தட்டையாக விரியும் அதன் கிளையை வெள்ளைத் தாளின்மேல் பிடித்துத் தட்டினேன். தாளில் விழுந்த தூசியில் சில நகர்ந்தன. விரலால் தேய்த்தால் செந்நிறக் கோடு. செஞ்சிலந்திகள். வறண்ட வெப்பத்தில் பல்கும் பூச்சி இது. முதலில் குழாய் நீரைக் கிளைகளின் இருபுறமும் விசையாக அடித்தேன். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, வெயில் தாழ்ந்தபின் தெளிப்பு. வாரம் ஒருமுறை, தாள் சுத்தமாகும்வரை.

பழுப்பான இலை மறுபடி பச்சையாகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர், செடி பிழைக்கவில்லை என்று பிடுங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது நுனியில் வெளிறிய புதுப்பச்சை வருகிறதா என்பதை. கவாத்திலும் கவனம் வேண்டும். துஜா மொட்டைக் கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. பச்சை இருக்கும் இடம்வரைதான் வெட்டலாம். நான் காய்ந்த நுனிகளை மட்டும் எடுத்தேன். ஆனி வாக்கில் நடுச்செடிகள் பெரும்பாலும் துளிர்விட்டன. மேற்குப் பக்கம் கருகியவற்றில் பொக்கை அப்படியே இருக்கிறது. அது மூடச் சில வருடம் ஆகும்.

செத்தவற்றின் இடத்தில் மறுபடி துஜா வைக்கவில்லை. நந்தியாவட்டை வைத்தேன். அதுவும் ஆண்டு முழுக்கப் பச்சைதான், சேலத்து வெயிலுக்குப் பழகியது, பூஜைக்குப் பூவும் தருகிறது. இனி மலையில் செடி வாங்கினால் கோடைக்கு முன் வாங்க மாட்டேன். ஆடி, ஆவணி மழையோடு வாங்கி, கொஞ்ச நாள் வேப்பமர நிழலில் பையோடு வைத்துவிட்டு, நடும் அன்று வாளியில் அமுக்கி எடுத்துத்தான் நடுவேன். நர்சரியில் பையின் அடியைத் திருப்பிப் பார்ப்பேன். வேர் துளைவழியே கொத்தாக வெளியே வந்திருந்தால், மேலே எவ்வளவு பச்சை இருந்தாலும் பக்கத்துச் செடியைக் கேட்பேன்.