வூச் நகரில் ஒரு டி4 ஆட்டம்

போலந்துத் தலைநகர் வார்சாவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'லோட்ஸ்' என்று படிக்கத் தோன்றும். உள்ளூர்க்காரர் வாயில் அது 'வூச்'. வூச் ஃபாப்ரிச்னா என்று கேட்டு டிக்கெட் எடுங்கள். தரைக்கடியில் இருக்கும் அந்த ஸ்டேஷனிலிருந்து பியோத்ர்கோவ்ஸ்கா தெருவுக்கு நடந்தே போய்விடலாம். நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தெரு. கால் வலித்தால் ரிக்‌ஷா உண்டு.

78ஆம் எண் வீட்டு வாசலில் பியானோ வாசிக்கும் ரூபின்ஸ்டைன் சிலை. செஸ் பிரியர்கள் ஏமாறும் இடம் இதுதான். அவர் இந்த ஊரில் பிறந்த இசைக்கலைஞர் ஆர்தூர். நம்மவர் செஸ் மாஸ்டர் அகிபா ரூபின்ஸ்டைன், 1880இல் ஸ்டாவிஸ்கியில் பிறந்து, செஸ்ஸுக்காக இந்த நெசவாலை ஊருக்கு வந்தவர். ஊர் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த 1907 டிசம்பரில், அனைத்து ரஷ்ய மாஸ்டர்கள் போட்டியில் ரோட்லெவியை அவர் வென்ற ஆட்டத்துக்காகவே இங்கே வரலாம்.

கையடக்க காந்தப் பலகை கொண்டுபோங்கள். தெருவோர பெஞ்சில் அடுக்கிப் பார்த்தால்தான் புரியும். ரோட்லெவி வெள்ளை, ரூபின்ஸ்டைன் கறுப்பு. கட்டத்தின் பெயரில் எழுத்து (ஏ முதல் எச் வரை) நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை; காய் சொல்லாவிட்டால் அது சிப்பாய்.

1.டி4 டி5, பிறகு குதிரை எஃப்3, இ6, இ3, சி5, சி4 என்று வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. பார்க்கச் சாதுவான நிலை. வெள்ளையின் பிஷப் 11, 12, 13 என்று மூன்று நகர்த்தல் செலவழித்து டி3, சி4, மறுபடி டி3. ராணியும் டி2 போய், பிறகு இ2. 15ஆவது நகர்த்தலில் வெள்ளை கோட்டை கட்டியதும் பலகையை நிறுத்திப் பாருங்கள்: இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றே. ஆனால் கறுப்பின் யானை கூடுதலாக டி8இல் நிற்கிறது, நகர்த்தும் முறையும் கறுப்புக்கே. தோல்வியின் விதை அங்கேதான் விழுந்தது என்பேன். பின்னால் வெள்ளை எஃப்4, இ4, இ5 என்று சிப்பாய்களை ஓட்டியது தன் ராஜாவுக்கு எதிரே மூலைவிட்டத்தைத் திறந்துவிட்டது.

கறுப்பின் பிஷப் பி6இலிருந்து செக், குதிரை ஜி4, ராணி எச்4. வெள்ளையின் ஜி3 வந்ததும் கறுப்பு யானை சி3இல் குதிரையை வெட்டுகிறது. எச்4 ராணியைப் பறிகொடுத்து கறுப்பின் மற்ற யானை டி2! இப்போது வெள்ளை வெட்டக்கூடியவை நான்கு: இரண்டு யானை, ஜி4 குதிரை, பி7 பிஷப். வெள்ளை ராணி டி2 யானையை எடுத்ததும் கறுப்பு பிஷப் இ4இல் வெள்ளை பிஷப்பை வெட்டி செக்; ராணி ஜி2இல் மறிக்க, 25ஆவதாக கறுப்பு யானை எச்3. மூலைவிட்டத்தில் கட்டுண்ட ராணியால் எச்2வைக் காக்க முடியாது. அடுத்து அங்கே மேட். ரோட்லெவி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.