பேலீஃப் வீடு: சில நாட்குறிப்புகள்

அக்டோபர் 12, 2024, சனி

சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். தென்கிழக்கு இங்கிலாந்தில் அழியவிருந்த பழைய கட்டடங்களைப் பிரித்து எடுத்துவந்து, இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது பேலீஃப் பண்ணைவீடு. கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டோன் பக்கம் இருந்தது. பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக 1968-69இல் பிரிக்கப்பட்டது.

நடுவில் கூடம் உள்வாங்கியிருக்கிறது. இரு முனைகளிலும் மாடி அறைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. கூடத்தின் முன்னால் அந்தரத்தில் ஓடும் கூரை விட்டத்தை வளைந்த ஓக் மரக்கைகள் தாங்குகின்றன. முகப்பின் அழகே அதுதான்.

கூடத்துக்குள் போனால் தரை முதல் கூரை வரை வெட்டவெளி. நடுத்தரையில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை மேலே ஏறி, கைமரங்களிடையே தேங்கி, கிடைத்த இடுக்கு வழியாக வெளியேற வேண்டும். சன்னல்களில் கண்ணாடி இல்லை. நிறுத்திய மரச்சட்டங்கள், உள்ளே அடைக்கக் கதவுப் பலகைகள், அவ்வளவுதான். வீட்டுக்காரரின் மேசை கூடத்தின் மேல்முனையில். ரொட்டி, பானம் வைக்கும் அறைகள் கீழ்முனையில். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சுவர்களே சொல்லிவிடுகின்றன.

அக்டோபர் 13, ஞாயிறு

மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்து வயது கணித்திருக்கிறார்கள். கூடமும் கீழ்முனையும் 1405-1430 காலத்தவை. வீட்டுக்காரரின் அறைகள் உள்ள மேல்முனை 1509-10. அதாவது, சேர்ந்தாற்போல் தெரியும் வீட்டின் இரு பகுதிகளுக்கு இடையே ஏறத்தாழ மூன்று தலைமுறை.

அக்டோபர் 19, சனி

இந்த வாரம் முழுக்க மனதில் ஓடியது மூட்டுகள்தான். அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே இழைத்தார்கள். காய்ந்துவிட்டால் உளி எளிதில் இறங்காது. ஒரு மரத்தில் கழுந்து (நாக்குபோல் நீட்டிய முனை), இன்னொன்றில் அது நுழையும் துளை, குறுக்கே ஒரு மரமுளை. கழுந்தில் முளைக்காகப் போடும் ஓட்டையை, மற்ற மரத்தின் ஓட்டைக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்க அடிக்க மூட்டு தானே இறுகும். இரும்பாணிக்கு வேலையே இல்லை.

சட்டத்தை முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எது எதோடு சேரும் என்று மரத்தில் ரோமன் எண்களைக் கீறுவார்கள். அப்புறம் கழற்றி, மனைக்குக் கொண்டுபோய் நிமிர்த்துவார்கள். ஆக, இந்த வீடு பிறக்கும்போதே பிரித்துச் சேர்க்கத்தக்கதாகத்தான் பிறந்தது. 1968இல் அதைக் காப்பாற்றியது அந்தத் தச்சு முறையே என்று நினைக்கிறேன். இடையில் வரிச்சுக் கட்டி அப்பிய மண்சுவரைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது, புதிதாக அப்ப வேண்டியதுதான். சட்டம் அப்படியில்லை, முளையைத் தட்டி எடுத்தால் பிரிந்துவரும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பிற்காலத்தில் சேர்த்த புகைபோக்கியை இங்கே மறுபடி கட்டவில்லை. அதுவும் வரலாறுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான். ஆனால் கூரை மரங்களில் புகைக்கரி ஏன் ஏறியது என்பது அந்தத் திறந்த அடுப்பு இருந்தால்தான் பார்ப்பவருக்குப் புரியும். என் மனம் அவர்கள் முடிவின் பக்கமே.